கண்டக்டர் வராத வாரம்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவளுக்குப் பல்வலி விட்டதா? போனில் நீ, எப்படிம்மா இருக்கே என்று கேட்டதும் என் வாய் முந்திக்கொண்டு நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுகிறது. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மாடி வீட்டுக்காரர்கள் குழாய் மாற்றுகிறோம் என்று சுவரை இடிக்கிறார்கள். தூசி தாங்காமல் உன் தம்பி இருமிக்கொண்டே இருக்கிறான். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தூசி. அது கிடக்கட்டும்.

தம்பியைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனியிலிருந்து வருகிறாரே, கண்டக்டர் என்று உன்னிடம் சொல்வேனே, அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவர் பஸ்ஸில் வேலை பார்த்தவரெல்லாம் இல்லை. தம்பியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றி, பெல்ட்டை மாட்டியதும், “ஏறியாச்சு, ரைட்” என்பார். தம்பி சிரிக்கிற சிரிப்பு எதிர்வீடு வரைக்கும் கேட்கும். அதனால் வந்த பெயர். இத்தனை காலம் வந்து போனவர், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாணம் ஆனவரா என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது. நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, வந்ததும் கை கழுவுவார், வேலையைத் தொடங்குவார். கொஞ்சம் இறுக்கமான மனுஷன் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே ஒரு பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். தம்பி பார்த்துவிட்டான். கையைக் கையை ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினான். அவர் எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. தம்பி வீடு வரைக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் அவரே பேச்சை எடுத்தார். “தப்பா நினைக்காதீங்கம்மா. அந்த ஒரு நாள் யாருக்கும் கை குடுக்காம உக்காந்திருந்தாத்தான் மத்த நாள் என்னால வர முடியுது” என்றார். கோபம் போய்விட்டது. பொறாமைதான் மிச்சம். எனக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியாக எப்போது இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

போன வாரம் குளியலறையில் தம்பியைத் தூக்கும்போது அவருடைய தோள் கைவிட்டுவிட்டது. தம்பி தரையில் விழாமல், தான் கீழே போய்த் தாங்கிக்கொண்டார். இவ்வளவு பெரிய உடம்பு மொத்தமும் அவர்மேல். தம்பிக்கு ஒரு கீறல் இல்லை. அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. தோள் ரொம்ப நாளாகவே வலித்திருக்கிறது, தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறார். கம்பெனி அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டது. பதிலுக்கு ஒருவர் வந்தார். சாப்பிடத் தம்பி வாயையே திறக்கவில்லை. தன் கையையே கடித்து ரத்தம் வரவழைத்துக்கொண்டான். வந்தவர் மத்தியானமே போய்விட்டார், பிறகு யாரும் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சற்று நேரம் உட்காரவைத்துவிட்டுக் கண்டக்டர் வீட்டைத் தேடிப் போனேன். எப்படியாவது காலில் விழுந்தாவது கூட்டிவந்துவிடுவது என்றுதான் போனேன். குறுகலான படி, மேலே ஒரே அறை, பாதியைத் தையல் மிஷின் அடைத்துக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். கையைத் தூக்க முடியவில்லையாம். என்னைப் பார்த்ததும் கூச்சத்தில் சீப்பைப் பிடுங்கப் பார்த்தார், முடியவில்லை. கூட்டிப்போக வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

அவள் என்னை உட்காரச் சொன்னாள். கோபமே இல்லாத குரலில், “உங்க பையனைத் தூக்க இவர் இருந்தாரு. இவரைத் தூக்க யாரும்மா இருக்கா?” என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். அவர்தான் இரண்டு பேரையும் அதட்டினார்.

தம்பி போன்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் இடம் இருப்பதாகக் கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தார், அதைப் பற்றிக் கண்டக்டரிடம் கேட்டேன். அங்கே அவர் வேலை பார்த்திருக்கிறார். “மோசமான இடம்னு சொல்ல மாட்டேன். சோறு போடுவாங்க, மருந்து குடுப்பாங்க. ஆனா ஒரு ஆளுக்கு அத்தனை பேரு. தம்பியைச் சிரிக்கவைக்க யாருக்கும் நேரம் இருக்காதும்மா” என்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கட்டுப்போட்ட கையோடு, மனைவியைக் கூட்டிக்கொண்டு, கண்டக்டரே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஏதேதோ பேசினார், கண்டபடி பாட்டுப் பாடினார். இத்தனை வேடிக்கையான மனுஷனா என்று ஆச்சரியமாக இருந்தது. தம்பி வாயைத் திறந்தான், நான் ஊட்டினேன். ஆனால் இனி அவர் இந்த வேலைக்கு வர மாட்டார். டாக்டர் தூக்கவே கூடாது என்றுவிட்டார்.

அதையேதான் என் டாக்டர் எனக்கும் சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொல்லவில்லை. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். அதற்குப் பிறகு ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாதாம். நான் ஆஸ்பத்திரியில் படுத்தால் தம்பியை யார் திருப்பிப் படுக்கவைப்பார்கள்? இப்போதே தனியாகத் திருப்பும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சாமியிடம் நான் இப்போது என்ன வேண்டிக்கொள்கிறேன் என்பதை உனக்கு எழுத மாட்டேன். பெற்றவள் வேண்டக்கூடாத ஒன்று.

மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே சொன்னதை நான் மறக்கவில்லை. தம்பியின் பாரம் உன்மேல் வரக்கூடாது என்றார், நானும் சரி என்று தலையாட்டினேன். அந்த வார்த்தையை மீறித்தான் கேட்கிறேன். ஒரு முறை வந்துவிட்டுப் போ. நீ வந்தால் பக்கத்தில் நின்று எல்லாம் சொல்லிக்கொடுப்பதாகக் கண்டக்டர் சொல்லியிருக்கிறார். “கைதான் போச்சு, வாய் இருக்கு” என்கிறார்.

நீ முடியாது என்றாலும் அம்மாவுக்கு வருத்தம் இல்லை. உன் வீட்டில் என்னால் ஒரு சண்டை வர வேண்டாம். ஒன்று மட்டும் எழுது. உன் பெயரைச் சொன்னால் தம்பி வாசலைப் பார்க்கிறான். சொல்லிக்கொண்டே இருக்கட்டுமா, நிறுத்திவிடட்டுமா?

நீயும் உன் குழந்தைகளும் எவர் கையையும் எதிர்பார்க்காமல், ஓடியாடும் உடம்போடு நீண்ட காலம் வாழ வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா