கேட் பாஸ் இல்லாமல் போன பிரசவ வேன்

அனுப்புநர்:
அப்துல் சுக்கூர்,
கௌரவச் செயலாளர்,
செஞ்சி வட்டார பிரசவ உதவிச் சங்கம்,
பீரங்கிமேடு, செஞ்சி.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் அவர்கள் (சங்கப் பதிவு),
தென்னாற்காடு மாவட்டம்,
கடலூர்.

பொருள்: சங்க வேனைத் திருடியதாக ஓட்டுநர் பாவாடை மீது புகார் – வேன் யாருக்குச் சொந்தம், அதை அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்பதற்குச் சான்று வேண்டுதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சங்கம் 1981-இல் தங்கள் அலுவலகத்தில் பதிவானது. சிங்கவரம், தொண்டூர் முதலிய ஊர்களில் பிரசவ வலி கண்ட பெண்களைச் செஞ்சி அரசு மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்ப்பது ஒன்றே இதன் வேலை. சங்கத்துக்கு ஒரு மெட்டடார் வேன் உண்டு. ஓட்டுநர் பாவாடை சம்பளத்துக்கு இருப்பவர். மற்ற உறுப்பினர்கள் 112 பேரும் சம்பளம் இல்லாமல் உழைப்பவர்கள். சென்ற ஜூலை 17-ஆம் தேதி பாவாடை இந்த வேனைத் திருடிச் சென்றதாகச் சங்கத் தலைவர் திரு. துரைக்கண்ணு அவர்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துள்ளார். பாவாடையின் லைசென்சை வாங்கி வைத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 25 அன்று வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது. தண்டனை ஆகிவிட்டால் அவர் இனி எங்கும் வண்டி ஓட்ட முடியாது. அவருக்கு வேறு தொழில் தெரியாது.

2. தலைவர் அவர்கள் ஊரில் கடலை எண்ணெய் மில் வைத்திருக்கிறார். நான் அந்த மில்லில் பதினேழு வருடமாக எழுத்தர். அங்கே முதலாளிக்குக் கீழே மேனேஜர், மேனேஜருக்குக் கீழே மேஸ்திரி, மேஸ்திரிக்குக் கீழே ஆட்கள். உத்தரவு மேலிருந்து இறங்கும். கேள்வி கீழிருந்து ஏறாது. முதலாளி உள்ளே வந்தால் எல்லாரும் எழுந்து நிற்போம். முதலாளி கையெழுத்திட்ட கேட் பாஸ் இல்லாமல் ஒரு லாரியும் வாசலைத் தாண்டாது. அவருடைய மச்சானின் லாரியையே வாட்ச்மேன் ஒருமுறை நிறுத்தி வைத்தார். அதற்காக வாட்ச்மேனுக்கு முதலாளியிடமிருந்து புது வேட்டி கிடைத்தது. எண்ணெய் முதலாளியுடையது, நஷ்டமும் அவருடையது. அங்கே அது சரி. எனக்கு அதில் ஒரு புகாரும் இல்லை.

3. சங்கத்தின் அமைப்பு வேறு. இங்கே எல்லாருக்கும் மேலே இருப்பது பொதுக்குழு. அது ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த ஏழு பேர் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, மில்லில் உச்சியில் இருப்பவர் இங்கே மற்றவர்கள் சொல்வதைச் செய்ய வேண்டியவர். மில்லில் ஓர் ஆள் மூன்று நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவோம். சங்கத்தில் மூன்று நாள் வராதவர் வீட்டுக்குப் போய் உடம்புக்கு என்ன என்று விசாரிப்போம். துணைவிதி 9-இன்படி, அன்றைய முறைக்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர் எவரும் யாரையும் கேட்காமல் வேனை அனுப்பலாம். வலி, நேரம் பார்த்து வருவதில்லை என்பதால் அப்படி எழுதினோம்.

4. சிக்கல் என்னவென்றால், இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே ஆட்கள். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் மில்லில் வேலை செய்கிறவர்கள் அல்லது மில்லுக்குக் கடலை போடுகிறவர்கள். சென்ற ஏப்ரல் மாதப் பொதுக்குழுவில், இனித் தலைவர் கையெழுத்திட்ட சீட்டு இருந்தால்தான் வேன் புறப்பட வேண்டும் என்ற தீர்மானத்தைத் துணைத் தலைவர் வாசித்து, ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். தலைவர் அவர்கள் அன்று தாமதமாக வந்தார். அந்தச் சமயம் பார்த்து உள்ளே நுழைந்தார். வந்திருந்த நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் எழுந்து நின்றோம். மூத்த உறுப்பினர் ஹுசைன் பீ அவர்கள் மட்டும் முழங்கால் வலியால் எழவில்லை. அவரை நடுநிலை என்று குறித்து, தீர்மானம் நிறைவேறியதாக மினிட் புத்தகத்தில் எழுதினேன். எதற்காக எழுந்தீர்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. நான் எதற்காக எழுந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

5. அதன் பிறகு மில்லின் கேட் பாஸ் புத்தகமே சங்கத்துக்கும் வந்தது. அதில் "சரக்கு", "மூட்டை எண்ணிக்கை" என்று அச்சிட்ட கட்டங்கள் உண்டு. முதல் சீட்டில் சரக்கு என்ற இடத்தில் "கர்ப்பிணி" என்றும், மூட்டை என்ற இடத்தில் "1" என்றும் எழுதினேன். எழுதும்போது கை கூசியது. இருந்தும் எழுதினேன்.

6. ஜூலை 17 அன்று மில்லுக்கு மின்வெட்டு விடுமுறை. சங்க அலுவலகத்தில் என் முறை. காலை பதினொரு மணிக்குத் தொண்டூர் தங்கராசு சைக்கிளில் வந்தார். அவர் மனைவி சின்னப்பொண்ணுக்கு விடியற்காலையிலிருந்து வலி, குழந்தையின் கால் முதலில் இறங்கிவிட்டது என்றார். தலைவர் சென்னை போயிருந்தார். சீட்டு வேண்டுமே என்றேன். அதற்குத் தங்கராசு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னா பாய், மொதலாளி வந்து கையெழுத்து போடற வரைக்கும் உள்ளயே இருன்னு கொழந்த கிட்ட சொல்லிட்டு வரட்டுமா?" பாவாடை வேனை எடுத்தார். தாயும் பெண் குழந்தையும் நலம். இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதை எழுத எனக்கு மனமில்லை.

7. மறுநாள் தலைவர் திரும்பி வந்தார். அவர் கெட்டவர் அல்ல. வேன் வாங்கப் பெரும் பகுதிப் பணம் கொடுத்தவரே அவர்தான். சீட்டு இல்லாமல் வண்டி வெளியே போயிருக்கிறது என்பது மட்டுமே அவர் கண்ணில் பட்டது. மில்லில் அதற்குப் பெயர் திருட்டு. யார் சொல்லி எடுத்தாய் என்று கேட்டார். "வலின்னாங்க, எடுத்தேன்," என்றார் பாவாடை. யார் பெயரையும் சொல்லவில்லை.

8. ஏப்ரல் தீர்மானம் துணைவிதியைத் திருத்துவது. திருத்தத்தைத் தங்கள் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியது செயலாளராகிய நான். அனுப்பவில்லை. மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவாகாத திருத்தம் செல்லாது என்பதால், துணைவிதி 9-தான் இன்றும் நடப்பில் இருக்கிறது என்று நம்புகிறேன். வேன் சங்கத்தின் சொத்து என்பதற்கும், விதி 9 மாறவில்லை என்பதற்கும் சான்றிட்ட நகலை 25-ஆம் தேதிக்கு முன் வழங்கி உதவ வேண்டுகிறேன். மீண்டும் வாக்கெடுப்பு நடந்தால், தங்கள் அலுவலர் ஒருவர் முன்னிலையில் ரகசிய வாக்குச்சீட்டு முறையில் நடத்த உத்தரவிடவும் வேண்டுகிறேன்.

9. ஆறாம் பத்தியில் பாவாடை வேனை எடுத்தார் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை அல்ல. எடுத்துப் போ என்று சொன்னது நான். விதி 9 எனக்குக் கொடுத்த அதிகாரத்தில் சொன்னேன். ஆனால் மறுநாள் மில்லில் முதலாளி கூப்பிட்டுப் புகாரைச் சொல்லச் சொல்ல, எழுத்தராக உட்கார்ந்து எழுதியதும் நான்தான். "யாருடைய அனுமதியும் இன்றி" என்ற வரியை எழுதி, ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டி, கையெழுத்துக்கு நீட்டினேன். பாவாடை இன்றுவரை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் வணக்கம் வைக்கிறார். அது எனக்குத் தாங்கவில்லை ஐயா. காவல் நிலையத்தில் உள்ள அந்தப் புகாரையும் இந்த மனுவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். இரண்டும் ஒரே கையெழுத்து. இதில் உள்ளதுதான் உண்மை.

இடம்: செஞ்சி
நாள்: 11.8.1986

இதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்கும்,
(ஒப்பம்) அப்துல் சுக்கூர்

நகல்: திரு. துரைக்கண்ணு அவர்கள், தலைவர் – நாளைக் காலை மில்லில் நேரில் கொடுக்கப்படும்.