அப்பாவின் கம்ப்யூட்டருக்கு ஒரு கர்னல்

மார்ச் 2

அன்பு மகனுக்கு,

நலம்தானே? போன கடிதத்துக்கே பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும்.

24ஆம் தேதி பம்ப் ஹவுஸில் எனக்குப் பணி ஓய்வு, வழியனுப்பு விழா. ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நீ கல்லூரியில் வைத்திருந்த கம்ப்யூட்டரை மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். அது எழுந்திருப்பதற்குள் கூட்டமே கலைந்துவிடும். வேகப்படுத்த வழி உண்டா? என்னென்ன மாட்டியிருக்கிறது என்று கேட்டால் பார்த்து எழுதுகிறேன்.

நீயும் வந்தால் நன்றாக இருக்கும்.

அப்பா

மார்ச் 19

அப்பா,

லேட்தான். திட்டாதீங்க.

பென் டிரைவ்ல புது கர்னல் இருக்கு. மத்த எல்லாத்துக்கும் அடியில ஓடுற புரோகிராம் அதுதான். அதை உங்க மிஷின்லயே கம்பைல் பண்ணி உருவாக்கினா ரெண்டு நாள் முக்கும், கடைசியில மெமரி பத்தாம படுத்துடும். அதனால ஆபீஸ் மிஷின்ல உட்கார்ந்து, உங்க மிஷினுக்குன்னே கம்பைல் பண்ணினேன். செருகுங்க, வர்ற கேள்விக்கெல்லாம் 'ஆம்' கொடுங்க.

லிஸ்ட் எதுவும் வேண்டாம். நாலு வருஷம் நான் மாரடிச்ச மிஷின், எனக்குத் தெரியாதா? குப்பையெல்லாம் கழிச்சுட்டேன். அதுல சவுண்ட் எப்பவோ செத்துப்போச்சு, கர்னல்ல சவுண்டுக்குன்னு இருக்கிற பகுதியையும் மொத்தமா தூக்கிட்டேன்.

தொண்டை ஆபரேஷனுக்கப்புறம் உங்களுக்குத்தான் குரல் இல்லையே, பேச்சை எழுதி ஸ்டோர் கீப்பர் மாமாகிட்ட கொடுங்க, படிச்சுடுவார். கம்ப்யூட்டர் படம் காட்டத்தானே?

வர முடியாது. ஆபீஸ்ல புது சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கு.

மகன்

மார்ச் 26

மகனுக்கு,

பென் டிரைவ் விழா அன்று காலையில்தான் வந்தது. கம்ப்யூட்டர் நொடியில் எழுந்துகொண்டது. கெட்டிக்காரன்தான் என்று ஸ்டோர் கீப்பரிடம் எழுதிக் காட்டினேன்.

உள்ளே இருந்த சவுண்ட் செத்துப்போனது உண்மை. அதனால் வெளியே யூஎஸ்பி ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறேன். நான் தட்டுவதை அதன் வழியாகக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். ஒன்றரை வருஷமாக நான் அப்படித்தான் பேசுகிறேன்.

மேடையில் பட்டனை அழுத்தினேன். சத்தமில்லை. மறுபடி அழுத்தினேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் கைதட்டினார்கள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எப்படிப் பேசுகிறேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை.

அப்பா

மார்ச் 30

அப்பா,

ஸ்பீக்கர் இருக்குன்னு முதல் லெட்டர்லயே ஒரு வரி எழுதியிருக்கலாம். வீட்லயே ஒரு தடவை பேச வச்சுப் பார்த்திருக்கலாம். எல்லாத்தையும் என் தலையில கட்டாதீங்க.

சரி விடுங்க. லிஸ்ட் வேண்டாம்னு சொன்னது நான்தான்.

யூஎஸ்பி சவுண்டைச் சேர்த்து மறுபடி கம்பைல் பண்ணி அனுப்பியிருக்கேன். பத்து நிமிஷ வேலை. ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். அந்த மிஷின் குரல்லயே பேசுங்க, மேடையில பேச இருந்ததை நான் கேட்கிறேன்.

மகன்

ஏப்ரல் 8

மகனுக்கு,

பென் டிரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தொடங்கும்போது வரும் மெனுவில் உன் கர்னலுக்குக் கீழே பழையது அப்படியே இருக்கிறது. அதற்கே மாறிவிட்டேன். எழுந்திருக்க நேரமாகிறது. இனி எனக்கு என்ன அவசரம்?

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. நீதான் என்று தெரியும். எடுக்கவில்லை.

அந்தக் குரலை நீ ஏற்கெனவே கேட்டிருக்கிறாய். போன வருஷம் பம்ப் ஹவுஸ் போனருகே ஸ்பீக்கரை வைத்து இரண்டு முறை உன்னைக் கூப்பிட்டேன். "வணக்கம்" என்று அது ஆரம்பித்ததுமே, "லோனெல்லாம் வேண்டாம், வைய்யா" என்று வைத்துவிட்டாய். அடுத்த வார்த்தை 'அப்பா' என்று தட்டி வைத்திருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா