திருப்தியும் சொன்னேன், வருத்தமும் சொன்னேன்

ஸ்டெல்லா அக்கா, என் உசுரே,

ஒரு சேதி. உன் மகள் ரோஸி ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டாள். வருகிற திங்கட்கிழமை, விழுப்புரத்தில். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

உனக்கு இருந்த அதே அடி இறக்கம்தான் அவளுக்கும். மூணாவது பிள்ளைக்கு அப்புறம் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. நீ துணியைச் சுருட்டிக் கட்டிக்கினு, மாதா கோயிலில் முட்டி போட முடியாமல் கடைசியில் நின்றாய். ஊர் உன்னைத் திமிர் பிடித்தவள் என்றது. நீ வாயே திறக்கவில்லை. உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது. பிறகு எனக்கும் இறங்கியபோது, நான் போய் ஆபரேஷன் பண்ணிக்கினேன்.

ரோஸியிடம் "நான் நல்லா இருக்கேன்டி, நீயும் பண்ணிக்கோ" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். அவளா கேட்பாள்? "நீ மல்லாட்டை விக்கிறவ சித்தி. சொத்தைக் கடலையக்கூட நல்லாருக்குன்னுதான் சொல்லுவ" என்றாள்.

போன வாரம் திண்டிவனத்தில் இருக்கிற என் மல்லாட்டைக் கடைக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் பொண்ணு போன். ஆபரேஷன் பண்ணிக்கினவர்களுக்குத் திருப்தியா வருத்தமா என்று ஒவ்வொருவரையும் கேட்கிறார்களாம். ரோஸி காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"திருப்திங்களாம்மா?"

"இருமினா நனையறதில்ல. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கக்கூஸ் தேடறதில்ல. வாய்விட்டுச் சிரிக்கிறேன், போதுமா?"

"வருத்தம் ஏதாச்சும்?"

ஒண்ணுமில்லை என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஆனால் மூட்டையின் வாயை மட்டும் பார்த்து எந்த வியாபாரி வாங்குவான்? குத்தூசியை மூட்டையின் அடிவரைக்கும் விட்டு, அதில் வந்த கடலையைக் கையில் கொட்டிக் காட்டினால்தானே நம்புவான்.

"இருக்குது. இனிமே மூட்டை தூக்கவே கூடாதுன்னு முன்னாடியே யாரும் வெளக்கமா சொல்லல. மூட்டை தூக்கித்தான் இந்தக் கடையே வந்துச்சு. மொத மாசம் உக்கார முடியாம அழுதேன். வீட்டுக்காரர் பக்கத்துல படுக்கவே ரொம்ப நாள் பயம்."

"அப்போ வருத்தம்னு எழுதிக்கவாம்மா?"

"எழுதிக்க. திரும்பக் கேட்டா திரும்பவும் பண்ணிக்குவேன்னு அதையும் சேர்த்து எழுது."

அந்தப் பொண்ணு சிரித்துவிட்டது. ரோஸி சிரிக்கவில்லை.

"இதெல்லாம் ஏன் சித்தி எங்கிட்ட சொல்லல?"

"பயந்துடுவியேன்னுதான்."

"நீ எதையோ மறைக்கிறியேன்னுதான் பயந்தேன். எப்போ போலாம்?"

அக்கா, உன்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நீயும் வாய் திறந்திருப்பாயா?

ஆபரேஷன் முடிந்து முதல் மாதம் நான் ரோஸி வீட்டில்தான் இருப்பேன். ஒரு குடம் தண்ணீர்கூட அவளைத் தூக்க விடமாட்டேன். நானும் தூக்கக்கூடாது, அதற்கு அவள் புருஷன் இருக்கிறான். ஒரு வருஷம் போகட்டும், திருப்தியா வருத்தமா என்று நானே அவளிடம் கேட்பேன். அவள் என்னைத் திட்டினாலும் சரி, அதை அப்படியே உன் கல்லறையில் வந்து சொல்லுவேன்.

உனக்கு அடுத்துப் பிறந்த தங்கச்சி,
லூர்து மேரி