ஆட்டு வருடத்துக் கறுப்புப் பாறை

என் பைபிச்சே, என் வீட்டுக்காரியே, முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள், இங்கே ஆய்வு நிலையத்தில் பனியாற்றை அளக்கும் நூர்ஜாத்.

இவள் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். ஆராய்ச்சி இதழுக்கு அனுப்புமுன் எனக்குப் படித்துக் காட்டினாள். நம் கறுப்புப் பாறைவரை பனி இருந்தது 1991இல் என்று வந்தது.

"நிறுத்தும்மா, யார் சொன்னது?"

"நீங்கதான் தாத்தா! ஆட்டு வருஷம்னீங்க."

"நம்ம மிருக வருஷக் கணக்குல ஆடு பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் வருமே! நான் சொன்னது அதுக்கு முந்தின ஆடு, எங்க கல்யாண வருஷம். தொண்ணூத்தொண்ணுல கடைக்குட்டி பொறந்தா, நாங்க மேய்ச்சலுக்கு மேலே ஏறவே இல்லை."

"ஐயோ, பனி உருகின வேகமே தப்பாப் போயிருக்குமே! நாளைக்கு அனுப்பணும். நிச்சயம்தானா?"

நிச்சயமில்லாமலா? புதுப்பெண்ணாய், சிவப்பு முக்காட்டோடு, கெண்டியைத் தூக்கிக்கொண்டு தேநீருக்குப் பனிக்கட்டி உடைக்கப் போனாய். கூடார வாசலிலிருந்து பாறையடிப் பனிக்கு நாற்பது காலடி. நான் எண்ணிக்கொண்டே பார்த்திருந்தேன். இப்போது அந்தப் பாறையிலிருந்து பனியைத் தொட எனக்கு அரைநாள் ஆகிறது.

கணக்கையெல்லாம் மாற்றி எழுதிவிட்டாள். கட்டுரைக் கடைசியில் எனக்கு நன்றி போடுகிறாளாம். "நடந்தவ அவ, அவ பேரை முதல்ல போடு" என்றேன். புர்மாகான் என்று உன் பெயர் ஏறிவிட்டது.

கம்பளிக் காலுறை அனுப்பு. நீ உருட்டிக் காயவைத்த தயிர்க்கட்டியும் கொஞ்சம். கடிதம் கொண்டுபோகும் ஜீப்காரன் ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன். இங்கே தேநீர் குழாய்த் தண்ணீரில்தான். ருசியே இல்லை.

உன் ஜோல்தோஷ்