கடைசி வாஷரை யார் எடுப்பது

அன்புள்ள மேகக்காரிக்கு,

உன் லிஃப்ட்காரன் எழுதுவது. நானும் வாலுவும் இங்கே சுகம். உன் சுகத்தை ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் விசாரித்தோம்தான், ஆனால் அந்த ஃபோனை நம்பி ஒரு மனுஷன் எதையும் விசாரிக்க முடியாது. உன் பேச்சில் பாதியைக் கடல்காற்று தின்றுவிடுகிறது. மீதியை நம் மகள் வாலு ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தின்றுவிடுகிறாள். அவள் பக்கத்தில் நிற்கும்போது பேசக்கூடிய விஷயமும் இல்லை இது. அதனால்தான் உங்கள் தீவுக்குச் சாமான் ஏற்றும் படகு கிளம்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வானிலை நிலையத்தில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், இந்தப் படகு வந்து திரும்பும்போது பதில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தாய். வாலுவுக்குக் கணக்கு வந்துவிட்டதென்றால் இருக்கிறேன், வரவில்லையென்றால் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், உண்மையை மட்டும் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தாய். சொல்கிறேன். உடனே இல்லை, கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன். என் சுபாவம் உனக்குத் தெரியாததா.

இங்கே ஒரு வாரமாக மழை வருவதும் போவதுமாக இருக்கிறது. துணியெல்லாம் வீட்டுக்குள்தான் காய்கிறது. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டியிருக்கிறேன். அதன் நடுவே வாலு மெதுவாக நடந்து போகிறாள், ஈரத் துணி முகத்தில் படும்படி. மேகத்துக்குள் நடக்கிறாளாம். வானத்தில் ஒரு பெரிய மேகம் வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, இதை அம்மா போன வாரமே அளந்திருப்பாங்க இல்லையா என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லிவைக்கிறேன். மேகம் அவ்வளவு தூரம் வருமா வராதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

போன மாதம் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். வாசிப்பெல்லாம் பிரமாதம், கணக்கு மட்டும் கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறது, தப்பித் தவறிக்கூட ஒரு விடை சரியாக வருவதில்லை என்றார். அதட்டாதீர்கள், விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள் என்றும் சொன்னார். நான் அதட்டுகிற முகமா? ஆனாலும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் சமையலைவிட விளையாட்டுத்தான் அதிகம் நடக்கிறது.

முதலில் நம் கட்டிடத்து லிஃப்டையே பாடப் புத்தகமாக்கினேன். தரைத்தளம் சைபர். மேலே பத்து மாடி, கீழே வண்டி நிறுத்தும் தளம் இரண்டு. வாலு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், மூன்றாவது மாடியிலிருந்து ஐந்து மாடி இறங்கினால் கதவு எங்கே திறக்கும் என்று சொல்ல வேண்டும். நல்ல விளையாட்டுத்தானே? இவள் மொட்டை மாடி என்பாள். கதவு திறந்தால் நிலத்தடி இருட்டும், டயர் வாசனையும், எங்கோ சொட்டும் தண்ணீர்ச் சத்தமும். அப்போதும் கண்ணைத் திறக்கமாட்டாள். அப்படியே நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். திரும்ப மேலே வரும்போது ஒவ்வொரு மாடி வெளிச்சமும் கதவிடுக்கு வழியாக அவள் முகத்தில் விழுந்து விழுந்து போகும். அதைப் பார்த்துக்கொண்டே நான் அடுத்த கேள்வியைக் கேட்க மறந்துவிடுவேன். ஆறாவது மாடிக்காரர், நீங்கள் லிஃப்டைப் பழுது பார்க்கிறீர்களா, பள்ளிக்கூடம் நடத்துகிறீர்களா என்று சிடுசிடுத்த பிறகுதான் அதை நிறுத்தினேன்.

பின்னம் சொல்லிக்கொடுக்க ரொட்டியை வெட்டினேன். பாதி என்றால் என்ன என்று கேட்டேன். பெரிய பாதி அப்பாவுக்கு, சின்ன பாதி எனக்கு என்றாள். பாதியில் ஏதடி பெரிய பாதி என்று கேட்கலாம்தான். ஆனால் எனக்கென்று எடுத்து நீட்டும்போது யாருக்குக் கணக்குப் பேச வாய் வரும்? தின்றுவிட்டேன்.

ஒரு நாள் காலையில் எழுந்ததும் ஒரு கனவு சொன்னாள். எண்களெல்லாம் நம் வீட்டுக்கு விருந்துக்கு வந்தனவாம். சைபர் வாசலிலேயே உருண்டுகொண்டிருந்ததாம். எட்டு இடுப்பைச் சொறிந்துகொண்டதாம். ஏழு மட்டும் நேரே உள்ளே வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதாம். எழுந்திரு, அது அம்மா இடம் என்று இவள் சொல்லியும் கேட்கவில்லையாம். அன்று பள்ளிக்கூடம் போகும்வரை அந்த ஏழின் மேல் கோபமாகவே இருந்தாள்.

அப்புறம்தான் வாஷர் ஆட்டம் வந்தது. கீழ்வீட்டுத் தையல்காரி அக்கா சின்ன வயதில் பொத்தான் வைத்து ஆடிய ஆட்டமாம். நம் வீட்டில் பொத்தானுக்கு எங்கே போவேன், என் சட்டையிலேயே பாதி இல்லை. என் வேலைப் பையில் கிடந்த, போல்ட்டுக்கு அடியில் போடும் இரும்பு வாஷர்களை எடுத்துத் தரையில் பரப்பினேன். மொத்தம் இருபத்தொன்று. ஆளுக்கு ஒரு முறை, ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம். கடைசி வாஷரை யார் எடுக்கிறார்களோ அவருக்கு ஜெயம். அவ்வளவுதான் சட்டம். அப்பாதான் பெரியவங்க, நீங்களே முதல்ல எடுங்க என்பாள். பாரேன், எவ்வளவு மரியாதை!

முதல் நாள் ஆடிய ஆட்டமெல்லாம் நான்தான் ஜெயித்தேன். மார்தட்டிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுநாளும் நானே, அதற்கு மறுநாளும் நானே. அப்புறம்தான் சந்தேகம் வந்தது. கணக்கே தெரியாத பிள்ளையானாலும் குருட்டாம்போக்கில் ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டாமா? இவளுக்கு உண்மையிலேயே ஏதாவது குறையோ என்று பயந்துபோனேன். சரி, பிள்ளை மனசு ஒடிந்துவிடக் கூடாது, நாமே விட்டுக்கொடுத்துத் தோற்றுவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

மேகக்காரி, என்னால் தோற்க முடியவில்லை.

நிஜமாகத்தான் சொல்கிறேன். நான் ஒன்று எடுத்தேன், அவள் மூன்று எடுத்தாள். நான் மூன்று எடுத்தேன், அவள் ஒன்று எடுத்தாள். நான் இரண்டு எடுத்தால் அவளும் இரண்டு. கடைசியில் பார்த்தால் ஒற்றை வாஷர் என் முன்னால் கிடக்கிறது, எடுக்க வேண்டிய முறையும் என்னுடையது. அப்பா ஜெயிச்சாச்சு என்று கைதட்டுகிறாள் அந்தக் கள்ளி. திரும்ப ஆடினோம். தலைகீழாக நின்று பார்த்தேன், ஜெயித்துக்கொண்டே இருந்தேன். நான் எதை எடுத்தாலும் அவள் அதோடு சேர்த்து நாலாக்கிவிடுகிறாள் என்பது அப்புறம்தான் புரிந்தது. நாலு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு, இருபது. மிச்சம் ஒன்று என் தலையில். இந்தச் சூட்சுமம் எனக்குத் தெரியாது. தையல்காரி அக்காவிடம் போய்க் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் இவளே கண்டுபிடித்திருக்கிறாள். அதுவும் தோற்பதற்காக.

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. வாலு தரையில் மல்லாந்து படுத்து, ஒரு வாஷரைக் கண்ணில் வைத்து, அதன் ஓட்டை வழியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் படுத்து ஒன்றை எடுத்து என் கண்ணில் வைத்துக்கொண்டேன். வானம் அதற்குள் சின்னதாகத் தெரிந்தது. வேணும்னே தோற்கிறாயா என்று கேட்டேன்.  வாஷரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

"எனக்குக் கணக்கு வந்துடுச்சுன்னா அம்மா வரமாட்டாங்கல்ல?"

முன்பு ஒரு பரீட்சையில் இவளுக்குக் கணக்கு மார்க் குறைந்தபோது, கணக்கு வராவிட்டால் வந்துவிடுகிறேன் என்று நீ ஃபோனில் என்னிடம் ஒரு முறை சொன்னாயே, அது இவள் காதில் விழுந்திருக்கிறது. நம் பேச்சில் காற்று தின்னாமல் விட்டது அந்த ஒரு வரிதான் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் இதே வேலைதான். ஒவ்வொரு கணக்கையும் மனதுக்குள் சரியாகப் போட்டுவிடுவாளாம். விடை என்னவென்று தெரிந்த பிறகு, அதற்குப் பக்கத்து எண்ணை எழுதிவைப்பாளாம். சும்மா வாய்க்கு வந்ததை எழுதினால் தவறிப்போய்ச் சரியாகிவிடும், அதனால்தான் முதலில் சரியாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கே விளக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

உன்னிடம் எதற்கு மறைக்க, இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நேற்று பகல் முழுக்க யோசித்தேன். பெரிய ஆஸ்பத்திரி லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து எண்ணெய் போட்டபோதும் இதே யோசனைதான். வாலுவுக்குக் கணக்கு வரவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். நீ வந்துவிடுவாய். அவளும் காட்டிக்கொடுக்கமாட்டாள். டீச்சரே எனக்குச் சாட்சி. எனக்கும் அதுதானே வேண்டும்? உன் நாற்காலியைத் துடைக்கும்போது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிடும்போது பிடிக்கவில்லை. நீ இல்லாத வீடு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, போதுமா.

ஆனால் அப்படி நீ வந்தால் அப்புறம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். உன்னை வரவழைக்கத் தோற்றவள், உன்னை இருக்கவைக்கவும் தோற்பாள். அடுத்த வகுப்பிலும் பக்கத்து எண், அதற்கடுத்த வகுப்பிலும் பக்கத்து எண். இவ்வளவு மூளையும் அதற்கே செலவாகிவிடும். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் நமக்கு எதுவும் வரக் கூடாது என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டு வளரலாமா?

இன்னொன்றும் இருக்கிறது. நீ வானிலை பலூன் விடுகிற படத்தை அனுப்பியிருந்தாயே, அதைச் சமையலறையில் ஒட்டியிருக்கிறேன். பலூன் கையை விட்டுப் போய்விட்டது, நீ அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். அந்தச் சிரிப்பை நான் நம் கல்யாண ஃபோட்டோவில்கூடப் பார்த்ததில்லை. அதைப் பொய் சொல்லிப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே உண்மை இதுதான். வாலுவுக்குக் கணக்கு வருகிறது. எனக்கும் அந்த டீச்சருக்கும் சேர்த்தே வருகிறது. கணக்கைச் சொல்லி நீ ராஜினாமா எழுத வேண்டிய அவசியம் துளியும் இல்லை.

இன்று காலையில் அவளிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு உண்மையை எழுதப் போகிறேன், அம்மா வேணும்னா தோற்க வேண்டியதில்லை, வாங்கன்னு கேட்டாலே போதும் என்றேன். பெரிய அறிவாளி மாதிரிதான் சொன்னேன். ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டா வருவாங்களாப்பா?"

பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவளும் வாசற்படியில் நின்றாள், பஸ் வரும்வரை நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திரும்பக் கேட்பாள். நீ பெற்ற பிள்ளை, விடமாட்டாள்.

படகில் உனக்குக் கம்பளிக் காலுறையும் இருமல் மருந்தும் அனுப்பியிருக்கிறேன். மருந்தை வேளை தவறாமல் குடி. பலூன் விட வெளியே போகும்போது காதைக் கட்டிக்கொண்டு போ. நீ என்ன முடிவு செய்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. இருக்கிறேன் என்றால் அதையும் அவளிடம் நேராகச் சொல்லுவோம், தாங்கிக்கொள்வாள், நான் பக்கத்தில் இருக்கிறேன். ஆனால் ஒரு பதில் எனக்கு வேண்டும், அவளிடம் சொல்வதற்கு.

அவள் ஜெயித்துவிட்டாள். கணக்கு நன்றாக இருக்கிறது. வீட்டில் எந்தக் குறையும் இல்லை. காரணம் ஒன்றுமே இல்லாமல், நாங்கள் இரண்டு பேரும் கேட்கிறோம். வாயேன்.

இப்படிக்கு,
உன்னை அங்கேயும் இங்கேயும் ஒரே நேரத்தில் விரும்பும்,
உன் லிஃப்ட்காரன்