பந்தலுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு

இன்று காலை மழை விட்டதும் ஸ்கூட்டர் மேல் போட்டிருந்த பிளெக்ஸை உருவினேன். உள்பக்கத்தில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். மூக்கில் ஒரு கிழிசல். அது ஸ்கூட்டர் கண்ணாடி குத்தியது. கோபித்துக்கொள்ளாதே. உன்னை ஸ்கூட்டருக்கு உறையாக்கிய கதையை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ போனபின் வந்த முதல் அறுபத்துமூவர் திருவிழா. நம் தெருமுனை நீர்மோர்ப் பந்தலை நான் ஒற்றை ஆளாக நடத்த வேண்டும். உன் மகள் வந்து, "அங்கிள், இது அப்பாவோட லெகஸி. பேர் போட்டே செய்யலாமே" என்றாள். கண் கலங்கி நிற்கிற பெண்ணிடம் என்ன சொல்வது? எனக்கும் ஆசைதான். முப்பது வருஷம் அந்த அண்டாவுக்கு இஞ்சி தட்டிப்போட்டவனின் பெயரை மயிலாப்பூர் ஒரு நாளாவது வாசிக்கட்டுமே! பத்தடிக்கு ஆறடி பிளெக்ஸ். உன் முகம், கூப்பிய கைகள், கீழே உன் பெயர் போட்டு 'நினைவு நீர்மோர்ப் பந்தல்'. கைகள் உன்னுடையவை இல்லை. பிரிண்ட் போட்டவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டினார்.

நீ இருந்தால் விட்டிருப்பாயா? ஒரு வருஷம் நான் என் அப்பா பெயரை அட்டையில் எழுதிக் கட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? உன் தி.நகர் ஜவுளிக்கடையிலிருந்து வந்து இறங்கியதும் நீ செய்த முதல் வேலை அதை அவிழ்த்ததுதான். எத்தனை வருஷம் சென்னையில் இருந்தும் உன் திருநெல்வேலிப் பேச்சு மாறவேயில்லை.

"ஏல, உங்க அப்பாவுக்கு முன்னாலயும் இங்க மோரு குடுத்தாவல்லா? நாம போன பொறவும் குடுப்பாவ. நடுவுல பேரு என்னத்துக்குல?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

அடுத்த வருஷம், உன் கடையில் புடவை பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நீள பெஞ்சை மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்து பந்தலுக்குப் பின்னால் போட்டாய். "மோரு எல்லாரும்தான் குடுக்காவ. உக்கார எவன் எடம் குடுக்கான்?" என்றாய். எனக்குப் பிடிக்கவேயில்லை. அத்தனை கூட்டத்தில், குடித்தவர்கள் நகர வேண்டாமா? "எழுந்திருங்கோ, அடுத்தவாளுக்கு இடம் விடுங்கோ" என்று நான் விரட்டுவேன். பின்னாலேயே நீ வந்து என்னைக் கைகாட்டி, "இருங்கம்மா, அவன் கெடக்கான்" என்று திரும்ப உட்கார வைப்பாய். கடைசி வருஷம் வரைக்கும் இதே கூத்துதான்.

இந்த வருஷம் பிளெக்ஸ் கட்டியாயிற்று, மோரும் கரைத்தாயிற்று. தெருவில் கூட்டம் அலைமோதுகிறது, நான் மட்டும் ஈ ஓட்டுகிறேன். வருகிறவர்கள் உன்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். எப்போதும் முதல் டம்ளர் வாங்குகிற குளக்கரைப் பூக்காரம்மாவும் தாண்டிப் போனார். ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

"இன்னா சார், நீயா? யாரோ கட்சிக்காரரு பூட்டாரு, அவங்க ஆளுங்க வச்சுக்கீறாங்கன்னு நெனச்சேன். நம்ம பந்தல் எங்க போச்சுன்னு தேடிக்கினு போறேன்."

"நம்ம பெஞ்சுக்காரர் படம்மா அது."

"ஐய, அவரா! அவரு எப்ப இப்டி கும்புட்டாரு? அதான் அடையாளம் தெர்ல." உள்ளே எட்டிப் பார்த்தார். "பெஞ்சு எங்க சார்?"

பெஞ்சு! பிளெக்ஸ் கட்ட இடம் போதவில்லை என்று நான்தான் அதைத் தூக்கி என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. உதவிக்கு வந்திருந்த உன் மகள் பிளெக்ஸின் முதல் முடிச்சை அவிழ்த்தாள். இருவருமாகப் போய்ப் பெஞ்சைத் தூக்கி வந்தோம். வழியில் அவளிடம் சொன்னேன்: மோர் உன் அப்பா விட்டுப்போனது இல்லையம்மா. அது எங்கள் இருவருக்கும் முன்னாலிருந்தே வருகிறது, நாங்கள் கொஞ்ச நாள் கரண்டி பிடித்தோம், அவ்வளவுதான். அவன் விட்டுப்போனது இந்தப் பெஞ்சு. அதை ஒளித்துவைத்துவிட்டு அவன் பெயரைக் கட்டியிருக்கிறேன் பார், மடையன். அவள் முதல்முறையாகச் சிரித்தாள். உன் சிரிப்பேதான்.

பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்து, காலை நீட்டி உட்கார்ந்தார். பக்கத்தில் நாலு பேர் சேர்ந்தார்கள். அரை மணி ஆயிற்று. இரண்டாம் டம்ளரும் காலி. அம்மா எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை. நிற்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். 'எழுந்திருங்கோ' என்ற அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டதுடா. அவரும் அதை எதிர்பார்த்தவர்போலக் கூடையில் கை வைத்தார். நீ பின்னால் நிற்கிறாயா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"இருங்கம்மா, அவன் கெடக்கான்" என்றேன்.

"யாரு சார்?"

"நான்தான்."