மடத்து மருந்துசாலையில் பறித்த இலை

1801, ஏப்ரல் 27

அன்பு அண்ணன் கொர்பீனியனுக்கு,

உன் தங்கை ஸ்கோலாஸ்டிகா எழுதுவது. உப்புப் படகு வேலை எப்படிப் போகிறது? தோள் வலிக்கு நான் அனுப்பிய களிம்பைப் பூசுகிறாயா? இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தக் களிம்பை ஆற்றில் வீசினாலும் வருத்தப்பட மாட்டேன்.

எங்கள் கடிதங்களை மடத்துத் தாயார் படித்த பிறகே வெளியே விடுவார். இதை அவர் படிக்கவில்லை. முட்டை விற்க வருபவளின் கூடையடியில் வருகிறது.

அண்ணா, உன் மனைவி நோட்புர்கா காய்ச்சலில் போனாள் என்று எழுதினேன். அது பொய்.

அவள் இருமலுக்கு மருந்து கேட்டு ஆள் அனுப்பினாள். புனித வாரம், மடம் முழுக்க மௌனம். மருந்துசாலை மூத்தவர் வால்புர்கா தோட்டத்தில் இலை பறித்து வந்தார். அவருக்குக் கண் மங்கி வருடமாகிறது, விரலால் தடவித்தான் அறிவார். அன்றைய குளிரில் விரலும் மரத்துவிட்டது. இருமல் இலை சொரசொரப்பாக இருக்கும். அவர் அரைத்தது வழுவழுப்பான இலை. அதன் சாறு இதயத்தையே நிறுத்திவிடும். பூக்காத காலத்தில் பார்வைக்கு இரண்டும் ஒன்று போலிருக்கும்.

நான் பார்த்தேன். சந்தேகமும் வந்தது. ஆனால் மார்கழியில் ஒருமுறை அவரைத் திருத்தப்போய், பெரியவரை எதிர்த்த அகந்தைக்காக ஒரு வாரம் தரையில் மண்டியிட்டுச் சாப்பிட்டவள் நான். என் வாய்த் துடுக்குத்தான் உனக்குத் தெரியுமே. வேண்டாத நாளெல்லாம் பேசிவிட்டு, வேண்டிய நாளில் நல்ல பிள்ளையாக இருந்தேன். வாரந்தோறும் குற்றங்குறைகளை வாய்விட்டுச் சொல்லும் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நோட்புர்காவின் பக்கத்து வீட்டுக்காரி மடத்து வாசலில் வந்து அழுதாள். “எல்லாமே மஞ்சளா தெரியுதுன்னு சொல்றா, வாந்தி நிக்கல, ஏதாச்சும் பண்ணுங்கம்மா” என்றாள். அந்த வழுவழுப்பான இலை உள்ளே போனவர்களுக்குத்தான் கண்ணில் எல்லாம் மஞ்சளாகும்; கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். நான் ஓடிச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

மடத்துத் தாயாரிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, “காய்ச்சல்னே இருக்கட்டும்டி. இந்த மடத்தை மூடறதுக்கு அரசாங்கம் சாக்குத் தேடிட்டு இருக்கு. முந்நூறு வருஷமா இந்தப் பள்ளத்தாக்குக்கு மருந்துன்னா நாமதான். மூடினா இந்த ஜனம் எங்க போகும்?” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் என்னால் தூங்க முடியவில்லை.

வால்புர்காவுக்கு எதுவும் தெரியாது. தினமும் நோட்புர்காவுக்காகச் செபிக்கிறார். மருந்துசாலைச் சாவி இப்போது என்னிடம்.

உன் மகள் ஆஃப்ரா அந்தப் பக்கத்து வீட்டுக்காரியிடம்தான் இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் பத்து நாளாக அவளுக்கும் அம்மாவைப் போலவே இருமல். மருந்து கேட்டு இரண்டு முறை ஆள் வந்தாயிற்று. ஒவ்வோர் இலையையும் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துப் பறித்தேன். மூன்று நாள் நானே குடித்தும் பார்த்தேன். கஷாயம் தயாராக இருக்கிறது. கொடுக்கத்தான் கை வரவில்லை.

கொடு என்றோ, தொடாதே என்றோ ஒரு வரி எழுது, அண்ணா. அரசாங்கத்திடம் சொல்வதானாலும் சொல், தடுக்க மாட்டேன். அதுவரை குழந்தையைக் கர்த்தர் காக்கட்டும், என் கையிலிருந்தும்.

உன் தங்கை,
ஸ்கோலாஸ்டிகா